முதலாளி குரலில் வந்த போன்: 11 லட்சத்துக்கு யார் பொறுப்பு?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 12 வருடமாகக் கணக்கு பார்க்கும் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கண்காட்சிக்காக முதலாளி டெல்லி போயிருந்த ஒரு சனிக்கிழமை. மாலை 5.40-க்குப் புது எண்ணிலிருந்து வாட்ஸ்அப் அழைப்பு வருகிறது. முகப்புப் படத்தில் முதலாளி. குரலும் அவருடையதே. "என் போன்ல சார்ஜ் இல்ல, இது நண்பரோட நம்பர். மெஷின் ஒண்ணு பேசி முடிச்சிட்டேன், இன்னைக்கே அட்வான்ஸ் போடணும். அக்கவுண்ட் அனுப்பியிருக்கேன், போட்டுட்டு மெசேஜ் பண்ணுங்க. மீட்டிங்ல இருக்கேன், திருப்பிக் கூப்பிடாதீங்க." இவர் இணைய வங்கியின் உடனடிப் பரிமாற்ற முறைகளான ஐஎம்பிஎஸ்ஸில் 4,80,000, ஆர்டிஜிஎஸ்ஸில் 6,20,000 என மொத்தம் 11 லட்சம் அனுப்பிவிடுகிறார். பணத்தை ஒப்புதல் செய்யும் முதலாளியின் யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் இவரிடமே இருக்கின்றன. ஓடிபி வரும் பழைய பட்டன் போன் இவர் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. இரவு 10 மணிக்கு முதலாளியின் வழக்கமான எண்ணுக்கு "போட்டாச்சு சார்" என்று செய்தி அனுப்பியபோதுதான் விஷயம் வெளியே வருகிறது. "பேங்க் திங்கட்கிழமைதானே திறக்கும்" என்று இருவருமே காத்திருக்கிறார்கள். திங்கள் காலை 10.30-க்குக் கிளைக்குப் போய், அங்கே சொன்ன பிறகு சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைக்கிறார்கள். 2,35,000 மட்டும் முடக்கப்பட்டது. மீதி 8,65,000 கைமாறிப் போய்விட்டது.

இப்போது முதலாளி, 28,000 சம்பளத்தில் மாதம் 10,000 பிடிப்பேன் என்கிறார். கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை ஒன்றும் கேட்கிறார். "நான்தானே அனுப்பினேன், நான்தானே கட்ட வேண்டும்? பேங்க் திருப்பித் தராதா? போலீஸ் என்னைக் கைது செய்யுமா? 12 வருஷம் கேட்ட குரலில் ஏமாந்துவிட்டேனே" என்று கேட்கிறார். இனி இப்படி நடக்காமலிருக்க என்ன செய்யலாம் என்று எழுதித் தரவும் அவரிடமே சொல்லியிருக்கிறார்களாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் கடைசி வரி. 12 வருடப் பழக்கம் உங்களைக் காப்பாற்றவில்லை என்று வருந்துகிறீர்கள். உண்மையில் அந்தப் பழக்கத்தைத்தான் மோசடிக்காரர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். அறிமுகமில்லாத குரலாக இருந்தால் நீங்கள் கணக்கு எண்ணை இரண்டு முறை பார்த்திருப்பீர்கள். செயற்கை நுண்ணறிவு (ஏஐ) மூலம் ஒருவரின் குரலை நகலெடுக்க இன்று சில விநாடிப் பேச்சு போதும். சங்கக் கூட்டத்தில் முதலாளி பேசிய வீடியோவோ, ஏதோ ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட வாய்ஸ் மெசேஜோ கிடைத்தாலே வேலை முடிந்தது. நகலில் இருக்கும் சின்னச் சின்னப் பிசிறுகளைத் தொலைபேசி மறைத்துவிடும். பழைய வகை போன் அழைப்பு ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். வாட்ஸ்அப் அழைப்பில் இந்த ஒலி வரம்பின் அகலம் கூடுதல், ஆனால் நெட் சுமாராக இருந்தால் அதிலும் குரல் நசுங்கும். அதனால்தான் "ஏஐ குரலைக் கண்டுபிடிக்கும் ஆப் வாங்கலாமா" என்று நீங்கள் கேட்டதற்கு, அந்தக் காசை மிச்சப்படுத்துங்கள் என்று சொல்வேன்.

வீடியோ அழைப்பாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2024 தொடக்கத்தில் அரூப் என்ற பன்னாட்டுப் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் அலுவலக ஊழியர் ஒருவருக்கு, ரகசியப் பணப் பரிமாற்றம் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அவருக்குச் சந்தேகம் இருந்தது. வீடியோ கூட்டத்தில் தெரிந்த முகங்களைப் பார்த்த பிறகு அது போய்விட்டது. அந்த முகங்கள் எல்லாமே போலி. 15 தவணைகளில் சுமார் 20 கோடி ஹாங்காங் டாலர் போனது.

நீங்கள்தான் கட்ட வேண்டுமா?

முதலாளி சொன்னார் என்பதற்காகவே அது கடனாகிவிடாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று பட்டியல் போட்டிருக்கிறது. பட்டியலுக்கு வெளியே பிடிக்க முடியாது. பழைய சட்டத்தில் 24,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குபவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. இப்போது அந்த வரம்பு இல்லை, உங்கள் 28,000-க்கும் சட்டம் பொருந்தும்.

பட்டியலில் ஓர் இனம் உங்களைத் தொடக்கூடியது: ஊழியர் கணக்குக் காட்ட வேண்டிய பணத்தில் ஏற்பட்ட இழப்பு. ஆனால் அந்த இழப்பு அவருடைய கவனக்குறைவால் அல்லது தவறால் நேரடியாக ஏற்பட்டதாக இருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் அவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். இழப்பை விட ஒரு ரூபாய்கூட அதிகம் பிடிக்கக் கூடாது. எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்கள் முதலாளி சொல்லும் 10,000 பாதிக்குள் அடங்குகிறதே என்று நினைக்காதீர்கள். விளக்கம் கேட்காமல் பிடித்தால் அது 500 ரூபாயானாலும் தவறுதான். மாதம் 10,000 என்றால் ஏழு வருடத்துக்கு மேல் ஆகும் என்பதையும் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

இனி உங்கள் தரப்பின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும், வக்கீல் சாதகமாக மட்டும் பேசினால் பிறகு வருத்தம் உங்களுக்குத்தான். புதுப் பயனாளி (பணம் பெறுபவர்) ஒருவரை வங்கிக் கணக்கில் நீங்களே சேர்த்தீர்கள். கணக்கில் இருந்தது ஒரு தனிநபர் பெயர், மெஷின் கம்பெனியின் பெயர் இல்லை. வழக்கமான எண்ணுக்கு ஒரு அழைப்பு போட்டுப் பார்க்கவில்லை. இவற்றைக் கவனக்குறைவு என்று முதலாளி வாதிடலாம்.

எதிர்ப் பக்கத்தில் இருப்பது இதைவிடக் கனமானது. ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் ஒப்புதல் தரும் முறையை வங்கி கொடுத்திருக்கிறது. அந்த இரண்டாவது சாவியை உங்களிடம் கொடுத்து வைத்தது முதலாளி. ஓடிபி போன் உங்கள் இழுப்பறையில் இருப்பதும் அவருக்குத் தெரியும். போனில் சொன்னால் போட்டுவிடுவது அந்த அலுவலகத்தில் வழக்கமாகவே இருந்திருக்கிறது. சனி இரவு 10 மணிக்குத் தெரிந்த பிறகு திங்கள் காலை வரை கடந்த முப்பத்தாறரை மணி நேரம் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு. இத்தனைக்கும் நடுவில் இழப்பு "நேரடியாக" உங்களால் என்று நிறுவுவது எளிதல்ல.

பிடித்தம் ஏற்கெனவே தொடங்கியிருந்தால் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் மனு போடலாம். அதற்கு மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. பிடித்ததைத் திருப்பித் தருவதோடு இழப்பீடும் தரச் சொல்லி அவரால் உத்தரவிட முடியும். வேலையில் இருந்துகொண்டே மனு போடுவது உங்களுக்குச் சங்கடம் என்பது புரிகிறது. அதனால் முதலில் எழுத்துபூர்வமான விளக்கம், பிறகு பேச்சுவார்த்தை, கடைசியில் மனு என்று போகலாம். முதலாளிக்கு நடந்த நஷ்டமும் உண்மையானதுதான். அவரை எதிரியாக்கிக்கொண்டு தொடங்க வேண்டியதில்லை.

காசோலையைக் கொடுக்காதீர்கள்

கடிதத்திலேயே எனக்கு அதிகம் கவலை தந்தது இதுதான். "நம்பிக்கைக்காகத்தானே கேட்கிறார், தொகை எழுதவில்லையே" என்கிறீர்கள். மனமுவந்து கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலையில் மற்ற விவரங்களை இன்னொருவர் நிரப்பியிருந்தாலும், அது கடனுக்காகக் கொடுத்ததுதான் என்ற சட்ட அனுமானம் எழும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நாளைக்கே 8,65,000 என்று எழுதி வங்கியில் போட்டுத் திரும்பி வந்தால், செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் வழக்கு உங்கள் மேல் வரும். கடன் இல்லை என்று காட்ட வேண்டிய சுமையும் உங்கள் தலையில் விழும். இன்றைக்கு உங்களிடம் இருக்கும் சாதகமான நிலையை அந்த ஒரு தாள் தலைகீழாக்கிவிடும். வெற்று முத்திரைத்தாள், தேதி போடாத ராஜினாமாக் கடிதம் கேட்டாலும் இதே பதில்தான். பிஎஃப் பணத்தில் இதைக் கழிக்கவும் முதலாளியால் முடியாது.

வங்கி திருப்பித் தருமா?

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையைப் படித்துவிட்டு, மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் முழுப் பணமும் வரும் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சலுகை, வாடிக்கையாளருக்குத் தெரியாமல் நடந்த பரிமாற்றத்துக்கு. இங்கே உங்கள் கம்பெனியின் சரியான ஐடி, சரியான பாஸ்வேர்டு, சரியான ஓடிபி எல்லாம் போட்டுத்தான் பணம் போயிருக்கிறது. ஏமாற்றப்பட்டு அனுப்பியது வேறு, அனுமதியில்லாமல் எடுக்கப்பட்டது வேறு என்றுதான் வங்கி சொல்லும். புகார் கொடுத்த பிறகும் வங்கி கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தாலோ, பணம் போய்ச் சேர்ந்த கணக்கை உரிய கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) இல்லாமல் திறந்திருந்தாலோ கேள்வி கேட்க இடமுண்டு. அந்த வழிக்கு வங்கிப் புகார்களை விசாரிக்கும் ஒம்பட்ஸ்மனும், தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மாநில அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் வகிக்கும் தீர்ப்பு அலுவலர் பொறுப்பும் இருக்கின்றன. 2010-இல் ஒரு ஃபிஷிங் (போலி மின்னஞ்சலால் வங்கி விவரங்களைப் பறிக்கும் மோசடி) வழக்கில் தமிழகத்தின் தீர்ப்பு அலுவலர் வாடிக்கையாளருக்கு இழப்பீடு கொடுக்க வங்கிக்கே உத்தரவிட்டதும் உண்டு. ஆனால் கணக்கு கம்பெனியுடையது என்பதால் மனு போட வேண்டியது கம்பெனிதான்.

முடக்கப்பட்ட 2,35,000 தானாக உங்கள் கணக்குக்கு வராது. பலர் மாதக்கணக்கில் காத்திருந்து ஏமாறுவது இங்கேதான். புகார் எண், இரண்டு பரிமாற்றங்களின் யுடிஆர் எண்கள் (ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் தனி எண்), வங்கி ஸ்டேட்மென்ட், எஃப்ஐஆர் நகல் இவற்றோடு கம்பெனி சார்பில் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-ஆவது பிரிவின் கீழ் மனு செய்ய வேண்டும். 1930-க்குச் செய்த அழைப்பு எஃப்ஐஆர் ஆகாது என்பதையும் முதலாளிக்குச் சொல்லுங்கள். அது பணத்தைத் துரத்துவதற்கு. சைபர் கிரைம் காவல் நிலையத்தில் தனியாகப் புகார் கொடுத்து எஃப்ஐஆர் பதிவு செய்ய வேண்டும். மோசடி, ஆள்மாறாட்டம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி ஆகியவை இதற்குப் பொருந்தும்.

கைது பயம்

குற்றம் என்றால் உள்நோக்கம் வேண்டும். நீங்கள் ஏமாற்றப்பட்டவர், இந்த வழக்கில் சாட்சி. சாட்சியாக விசாரிக்கப் பெண்ணைக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்ல முடியாது, அவர் வசிக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆவது பிரிவு சொல்கிறது. நீங்களாக விரும்பிப் போவது வேறு. ஒருவேளை முதலாளி கோபத்தில் உங்கள் பெயரையும் புகாரில் சேர்த்துவிட்டால், அதே சன்ஹிதாவின் 35(3) பிரிவின் கீழ் அழைப்பாணை வரலாம். அதைக் கண்டு ஓடாதீர்கள், சொன்ன தேதியில் வக்கீலோடு போய் வாருங்கள். அழைப்பாணைக்கு ஒழுங்காக வந்துகொண்டிருப்பவரைக் காரணம் எழுதாமல் கைது செய்ய முடியாது.

அந்த வாட்ஸ்அப் உரையாடலை வெறுப்பில் அழித்துவிடாதீர்கள், மறையும் செய்தி வசதி ஆனில் இருந்தால் உடனே நிறுத்துங்கள். அழைப்புப் பட்டியலில் 5.40 தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம், சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63-ஆவது பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கொடுக்க அந்தக் கருவியே தேவைப்படும். அலுவலக சிசிடிவி பெட்டியில் பழைய பதிவுகள் சில வாரங்களில் தானாக அழிந்து புதிது ஏறும், ஆகவே அந்த சனிக்கிழமைப் பதிவைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். முன்பு முதலாளி போனில் சொல்லி நீங்கள் பணம் போட்ட தேதிகளை நினைவிலிருந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆனால் கம்பெனி ஸ்டேட்மென்ட்டை உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள், அதுவே தனிக் குற்றச்சாட்டாகிவிடும். விசாரணையில் ஆவணங்களைக் கேட்டுப் பெறலாம்.

அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்க

குரல் என்பது ஒப்புதல் அல்ல. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மற்றதை எழுதுங்கள்.

போனில் பணம் கேட்டு யார் பேசினாலும் வைத்துவிட்டு, சுவரில் எழுதி ஒட்டிய எண்ணுக்கு நீங்களாக அழைக்க வேண்டும். வந்த எண்ணுக்கே திருப்பி அழைப்பது பயன்படாது. முதலாளி எடுக்கவில்லை என்றால் இரண்டாவது ஆள், அதாவது பங்குதாரர் அல்லது முதலாளியின் மனைவி. அவரும் எடுக்கவில்லை என்றால் அன்றைக்குப் பணம் போகாது, அவ்வளவுதான். இதில் சறுக்கல் எங்கே வரும் என்றால், "திருப்பிக் கூப்பிடாதீங்க" என்று அதட்டும்போதுதான். ஆகவே சரிபார்ப்பதற்காகத் தாமதம் செய்த ஊழியரைத் திட்ட மாட்டேன் என்று முதலாளி கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் மற்ற விதிகள் எல்லாம் வெறும் அலங்காரம்.

நேரில் மட்டும் சொல்லிக்கொண்ட ஒரு சங்கேதச் சொல் வைத்துக்கொள்ளலாம். பிள்ளை பெயர், குலதெய்வம், வண்டி எண் இவையெல்லாம் வேண்டாம், முகநூலில் கிடைத்துவிடும். வாட்ஸ்அப்பிலும் அதை எழுதக் கூடாது. 2024 ஜூலையில் ஃபெராரி கார் நிறுவன அதிகாரி ஒருவருக்குத் தலைமைச் செயல் அதிகாரியின் குரலில் அழைப்பு வந்தபோது, சில நாள் முன்பு அவர் தனக்குப் பரிந்துரைத்த புத்தகம் எது என்று கேட்டார். அழைப்பு துண்டிக்கப்பட்டது. உங்களுக்கும் ஒரு துப்பு இருந்திருக்கிறது, கவனித்தீர்களா? 12 வருடமாக "அம்மிணி" என்று கூப்பிடுபவர் அன்றைக்கு ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிடவில்லை என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஆனாலும் அதை நம்பி உட்கார வேண்டாம், அடுத்த முறை அதையும் கற்றுக்கொண்டு வருவார்கள்.

வங்கியில் செய்ய வேண்டியவை நாலைந்துதான். முதலாளியின் பாஸ்வேர்டை மாற்றி அவரே வைத்துக்கொள்ள வேண்டும். ஓடிபி எண் அவர் சட்டைப் பையில் இருக்கும் போனுக்குப் போக வேண்டும். ஐஎம்பிஎஸ் தேவையில்லை என்றால் நிறுத்திவிடலாம், தினசரி வரம்பை வழக்கமான செலவுக்கு ஏற்பக் குறைக்கலாம். புதுப் பயனாளியைச் சேர்த்த அன்றே பெரிய தொகை போடக் கூடாது என்று விதி வையுங்கள். நீங்கள் பயனாளி பெயர்க் கட்டத்தில் மெஷின் கம்பெனி பெயரைத்தான் தட்டச்சு செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் ஒன்றும் ஆகாது, நம் நாட்டில் பணம் கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் போய்ச் சேரும். 2025 ஏப்ரல் முதல் ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் இரண்டிலும் அனுப்பும் முன் கணக்குக்காரரின் உண்மையான பெயரைக் காட்டும் வசதியை வங்கிகள் தர வேண்டும். ஒத்துப் போகவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். நூல் மில்லிலிருந்து "அக்கவுண்ட் மாறிவிட்டது" என்று போனோ மெயிலோ வந்தாலும், பழைய பில்லில் இருக்கும் எண்ணுக்கு அழைத்துக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

இன்னொரு தாள், மேசைக்கு மேலே: 1930 எந்த நேரமும் எடுக்கும், ஞாயிறும் எடுக்கும். அதை அழைக்க முதலாளியின் அனுமதி தேவையில்லை. கையில் இருக்க வேண்டியவை கணக்கு எண், தொகை, நேரம், யுடிஆர் எண். அடுத்த நிமிடமே வங்கியின் 24 மணி நேர மோசடிப் புகார் எண். பணம் முதல் கணக்கிலிருந்து நாலைந்து கணக்குகளுக்குப் பிரிந்து ஏடிஎம்மில் எடுக்கப்படுவதற்குச் சில மணி நேரமே ஆகும் என்பதால், கிளை திறக்கக் காத்திருப்பது பணத்தை வழியனுப்பி வைப்பது மாதிரி.

இந்த வாரம் கொடுக்க வேண்டிய கடிதம்

உங்கள் சொந்த நடையில் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். நடந்ததை நேர வாரியாகச் சொல்லுங்கள். ஒப்புதல் ஐடியும் ஓடிபி போனும் எப்போதிலிருந்து, யார் சொல்லி உங்களிடம் இருந்தன என்று ஒரு வரி. போன் உத்தரவில் பணம் போடும் வழக்கம் பற்றி ஒரு வரி. விளக்கம் கேட்காமல் சம்பளத்தில் பிடிக்க வேண்டாம் என்றும், எஃப்ஐஆருக்கும் முடக்கிய பணத்தை மீட்பதற்கும் முழு ஒத்துழைப்பு தருகிறேன் என்றும் முடியுங்கள். "என் தவறுக்கு மன்னிக்கவும்", "பணத்தைக் கட்டிவிடுகிறேன்" போன்ற வரிகள் வேண்டவே வேண்டாம், வருத்தத்தில் எழுதியதை நீதிமன்றத்தில் ஒப்புதலாக வாசிப்பார்கள். நேரில் கொடுத்து நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை ரசீதோடு சேர்த்து வீட்டில் வையுங்கள், அலுவலக இழுப்பறையில் வேண்டாம்.